நூற்றைம்பத்து மூன்றில் ஒரு முள்

என் தொழிலை யாரிடமும் சுருக்கமாகச் சொல்லித் தப்ப முடிந்ததில்லை. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு நான் கெமிஸ்ரி படிப்பிக்கிற ஆள். அதற்கு மேல் கேட்பவர்களிடம், ஒரு சிறிய மூலக்கூறு ஒரு புரோத்தனை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று அளக்கிறேன் என்பேன். "உதாலை என்ன பிரயோசனம்?" என்று உடனே கேட்பார்கள். எனக்குக் கோபம் வந்துவிடும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த பிழைக்கு அதுவும் ஒரு காரணம்.

அளக்கும் முறை அவ்வளவு சிக்கலானதல்ல. இரண்டு மூலக்கூறுகளை எடுத்து, நடுவே ஒரு புரோத்தனை வைத்து அவற்றைச் சோடியாக்க வேண்டும். புரோத்தன் என்பது எலத்திரனை இழந்த ஐதரசன், அவ்வளவுதான். அந்தச் சோடியை வெற்றிடத்துக்குள் பறக்கவிட்டு வாயுவோடு மோதவைத்தால் சோடி உடையும். இருப்பது ஒரு புரோத்தன், அதை இரண்டில் ஒன்றுதான் கொண்டுபோகலாம். நிறையச் சோடிகளை உடைத்துப் பார்த்து, எது அதிக தடவை கொண்டுபோகிறதோ அதன் பிடிப்புச் சக்தி பெரிது என்று முடிவு செய்வோம். ஒரு பக்கத்தின் சக்தி முன்னமே தெரிந்தது, மற்றப் பக்கம் தெரியாதது. தெரிந்தவற்றை மாற்றி மாற்றிச் சோடி சேர்த்துக்கொண்டு போனால், தெரியாதது எந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பது பிடிபட்டுவிடும். துண்டுகளைத் திணிவின்படி பிரித்து எண்ணித் தருகிற கருவிக்குத் திணிவுத் திருசியமானி என்று பெயர். எங்கள் ஆய்வுகூடத்தில் அதை மெசின் என்றுதான் சொல்வோம்.

இதை நான் முதலில் விளங்கப்படுத்தியபோது ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப மிஸ், சேர்ச்சிலை சோடி சேர்த்து வைக்கினம், நீங்கள் இஞ்சை இருந்து பிரிச்சு வைக்கிறியள்" என்றார். அன்று எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

அவர் குருநகர்க்காரர். கடற்றொழில் குடும்பம். பள்ளிக்கூடம் முடிந்தபின் சில வருடங்கள் தகப்பனோடு கடலுக்குப் போய், பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து வேலைக்கு வந்தவர். படகு எஞ்சின் கழற்றிப் பூட்டிப் பழகிய கை. மெசினோ நான் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த வெளிநாட்டில் கழித்துவிடப்பட்ட ஒன்று. என் பேராசிரியர் அதைக் குப்பைக்கு அனுப்ப மனமில்லாமல் எனக்கு அனுப்பினார். துறைமுகத்தில் பல மாதம் கிடந்து, லொறியில் குலுங்கி, ஒரு பக்கம் நெளிந்து வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து வந்த நிபுணர் பார்த்துவிட்டு, இது இனி ஓடாது என்று எழுதித் தந்துவிட்டுப் போனார். அண்ணை அந்தக் கடிதத்தை மடித்து மெசினின் ஆடுகிற காலுக்குக் கீழே வைத்தார். ஐந்து மாதத்தில் மெசின் ஓடியது.

ஓடியது என்றால், கரண்ட் இருக்கும்வரை ஓடியது. வெற்றிடத்தைக் காக்கிற பம்ப் நின்றுவிட்டால் மறுபடி அந்த வெற்றிடம் வர இரண்டு நாள் வேண்டும். பற்றரிகள் தாங்குகிற நேரத்துக்குள் ஜெனரேற்றர் பிடிக்காவிட்டால் எல்லாம் போச்சு. அப்படி மூன்று தடவை தொடர்ந்து போன ஒரு கிழமையில், நான் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையார் படமும் ஒரு ரின் கற்பூரமும் கொண்டுவந்தேன். எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் இல்லை. ஆனால் எரிச்சல் எல்லை கடந்தால் மனிதர் எதையும் செய்வார்கள். யன்னல் ஓரத்தில் படத்தை வைத்து, கடிகாரக் கண்ணாடி என்று நாங்கள் சொல்லும் ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டில் ஒரு கட்டியைக் கொளுத்தினேன். மாணவர் யாராவது அந்த அறையில் நெருப்பு மூட்டியிருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பேன். அண்ணை பக்கத்தில் நின்று சிலுவை அடையாளம் போட்டார். "ரெண்டு பக்கத்தாலும் பிடிப்பம் மிஸ்" என்றார். அந்த முறை கரண்ட் பதினொரு நாள் நிற்கவில்லை. அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளிலும், மெசினைப் புதிதாகத் தொடங்கும் நாட்களிலும் கற்பூரம் கொளுத்துவது எங்கள் வழக்கமாயிற்று. ரின் என் மேசையின் மூன்றாம் லாச்சிக்குள் இருந்தது.

இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த முள் வந்தது. மெசின் வரைந்து தரும் திருசியத்தில் ஒவ்வொரு திணிவும் கோடுபோல நிமிர்ந்து நிற்கும். நாங்கள் அதை முள் என்போம். நூற்றைம்பத்து மூன்றில், இருக்கவே கூடாத இடத்தில், ஒரு முள் நின்றது. முதலில் சிறியது. பிறகு நாளுக்கு நாள் வளர்ந்தது. அது எதுவானாலும் புரோத்தனை நன்றாகப் பிடிக்கிற சாதி. நான் அளக்க விரும்பிய மூலக்கூறோடு தானும் போய் ஒட்டிக்கொண்டு சோடி சேர்ந்தது. என் சோடிகள் குறைந்தன. திங்களில் வந்த எண் புதனில் வரவில்லை. மூன்று வருடமாக நான் தேடிய ஒரே ஒரு எண்ணுக்கு அது குறுக்கே நின்றது. கழுவினோம், சூடேற்றினோம், குழாய் மாற்றினோம். அது போகவில்லை.

அந்தத் திணிவில் புரோத்தனின் ஒன்றைக் கழித்தால் நூற்றைம்பத்திரண்டு. ஒரு காலை நான் அந்த எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணை உள்ளே வந்தார். அவரோடு அவருடைய வாசனையும் வந்தது. வலை இழுத்த காலத்திலிருந்து அவருக்கு இரண்டு முழங்காலிலும் நோ. பாமசியில் விற்கும் வின்ரகிறீன் எண்ணெயைக் காலையும் மாலையும் தேய்ப்பார். அதிலுள்ள முக்கிய பொருள் மெதயில் சலிசிலேற்று. அதன் திணிவு நூற்றைம்பத்திரண்டு. நான் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தேன்.

"அண்ணை, இஞ்சை வாங்கோ. இது நீங்கள்!"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைக் குனிந்து பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அதிசயமாக இருந்தது. "என்ரை முழங்கால் உதுக்கை தெரியுதோ மிஸ்?" என்று கேட்டார். முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. அடுத்த நாள் அவர் எண்ணெய் பூசாமல் வந்தார். நான் கேட்கவில்லை, தானாகத்தான் விட்டார் என்று நீண்ட நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த அறையில் வைத்து, அந்தச் சந்தோசத்தோடு அதைச் சொன்னது கேட்டதற்குச் சமம்தான்.

உடனே தவணை விடுமுறை வந்தது. மூன்று கிழமையாக, அளக்கும் மாதிரி எதுவும் செலுத்தாமல் பம்ப் மட்டும் ஓடியது. திரும்பி வந்து பார்த்தபோது முள் பாதியாகியிருந்தது. எனக்கு அது போதும் என்றாயிற்று. அவர் சுவரில் கையை ஊன்றி நடப்பதையும், கீழே இருக்கும் பம்பைப் பார்க்கக் குனியும்போது பல்லைக் கடிப்பதையும் நான் கண்டேன். கண்டுகொண்டும் அறை சுத்தமாக மணக்கிறது என்று சந்தோசப்பட்டேன். அப்படிப்பட்ட ஆளாகத்தான் அப்போது இருந்தேன்.

அளவுகளைத் திரும்பத் தொடங்கி இரண்டு கிழமையில் முள் முந்திய உயரத்துக்கே வந்துவிட்டது. அன்று அறையில் வேறு இரண்டு விரிவுரையாளர்களும் நின்றார்கள். நான் அதையும் யோசிக்கவில்லை.

"அண்ணை, திரும்பப் பூசிறியளோ?"

"இல்லை மிஸ்."

"அப்ப இது என்ன?"

"மாதாவாணை நான் பூசேல்லை."

"மெசின் பொய் சொல்லாது அண்ணை" என்றேன்.

அவர் கையிலிருந்த சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த திங்கட்கிழமை புதுக் காற்சட்டை, புதுச் சேட்டோடு வந்தார். பழைய உடுப்புகளில் எண்ணெய் ஊறியிருக்கலாம், அதனால் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்றார். "மனிசியும் இப்ப பூசிறேல்லை மிஸ். ஒரே அலுமாரி. அவவின்ரை எண்ணெய் என்ரை உடுப்பிலை பட்டிடும் எண்டு நிப்பாட்டிப் போட்டன்." அவர் மனைவிக்கும் முதுகில் நோ இருந்தது எனக்குத் தெரியும். நான் "நல்லது அண்ணை" என்றேன்.

முள் போகவில்லை. எண்ணெய் இத்தனை வருடத்தில் குழாய்ச் சுவர்களுக்குள் ஊறிவிட்டது, இனி அது போக வருடங்கள் பிடிக்கும் என்று நான் முடிவுகட்டினேன். இங்கேதான் என் பிழையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு முள் எதனால் ஆனது என்று தெரியாவிட்டால் அதை மட்டும் தனியாகப் பிடித்து, மோதவைத்து, எப்படி உடைகிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு மூலக்கூறும் தன் வழியில்தான் உடையும். என் சீவியமே அந்த வேலைதான். பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. எனக்குத்தான் விடை தெரியுமே.

அவர் அறுபதில் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்குப் பற்றிஸும் தேநீரும் கொடுத்தோம். மாலை போட்டு ஒரு சுவர் மணிக்கூடு பரிசளித்தோம். பேசச் சொன்னார்கள். நான் அவருடைய கைத்திறனைப் புகழ்ந்துவிட்டு, "அண்ணை ஓய்வு பெற்றாலும் அவருடைய எண்ணெய் எங்கள் மெசினிலிருந்து ஓய்வு பெறாது" என்று முடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இரண்டு கையாலும் மேசையைப் பிடித்து எழுந்துதான் பதிலுக்கு நன்றி சொன்னார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு மூன்றாம் வருட மாணவர்களுக்கு, ஒரு அயனை உடைத்து அடையாளம் காண்பது எப்படி என்று காட்ட வேண்டியிருந்தது. தேடி எடுக்கத் தேவையில்லாத உதாரணம் கைக்குள்ளேயே இருந்தது. அந்த முள்ளின் கதையைச் சுவையாகச் சொன்னேன். பலகையில் எழுதினேன்: இது மெதயில் சலிசிலேற்று, முப்பத்திரண்டை இழந்து நூற்றிருபத்தொன்றாக உடையும். பிறகு பொத்தானை அழுத்தினேன்.

நூற்றிருபத்தொன்றில் ஒன்றும் இல்லை. நூற்று முப்பத்தைந்து, நூற்றொன்பது, தொண்ணூற்றைந்து என்று முட்கள் எழுந்தன. மாணவர்கள் பலகையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மெசின் இன்னும் சூடாகவில்லை, அடுத்த கிழமை பார்ப்போம் என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். அது முதல் பொய்.

நூற்று முப்பத்தைந்து என்றால் நீரை இழந்திருக்கிறது. நூற்றைம்பத்திரண்டு திணிவுள்ள, நீரை இழக்கக்கூடிய, எளிதில் ஆவியாகிற ஒன்று. நான் புத்தகம் எதையும் திறக்கவில்லை. மூன்றாம் லாச்சியைத் திறந்தேன். கற்பூரம் குப்பென்று மணந்தது. ரின்னின் மூடி சரியாகப் பொருந்தாது. அதற்குப் பக்கத்தில், மாதிரிப் போத்தல்களின் மூடிக்குள் வைக்கிற சிறிய இறப்பர் வட்டங்கள் ஒரு திறந்த பைக்குள் கிடந்தன. இறப்பர் அந்த ஆவியைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் செலுத்திய ஒவ்வொரு மாதிரியும் அந்த வட்டங்களைத் தொட்டுத்தான் உள்ளே போயிற்று. ஒரு சொட்டுக் கற்பூரக் கரைசலைச் செலுத்தி உடைத்துப் பார்த்தேன். அதே மூன்று முட்கள். பூட்டியிருந்த களஞ்சியத்திலிருந்து அதே வட்டங்களின் புதுப் பக்கற் ஒன்றைப் பிரித்துப் பாவித்தேன். இரண்டு நாளில் நூற்றைம்பத்து மூன்று வெறுமையாயிற்று.

மெசின் பொய் சொல்லவில்லை. அது நான் கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவே. அந்த மனிதர் மாதாவின் பெயரில் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. ஒன்றரை வருடம் அவர் நோவோடு மாடிப்படி ஏறி இறங்கினார். நான் கொளுத்தியதும் நான் அடுக்கி வைத்ததும் என் மாதிரிகளைக் கெடுத்தன, தண்டனை அவருக்கும் அவர் மனைவிக்கும் போயிற்று. அன்று கதவைப் பூட்டிவிட்டு அழுதேன்.

அடுத்த இரண்டு கிழமையில் என் எண் கிடைத்தது. ஐந்து வருடம் ஆட்டம் காட்டியது, திங்களிலும் புதனிலும் வெள்ளியிலும் ஒரே மாதிரி வந்தது. கட்டுரை எழுதினேன். என் துறையில் எந்த எண்ணையும் தனியே எழுத முடியாது, அது எவ்வளவு தூரம் பிழையாக இருக்கலாம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு மனிதரைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசியபோது எனக்கு அந்த ஞாபகம் வரவில்லை. கட்டுரையின் கடைசியில் அவருக்கு நன்றி சொன்னேன். கற்பூரத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தேன். கொக்குவிலிலிருந்து குருநகர் என்ன தூரம், ஸ்கூட்டரில் கால் மணித்தியாலம். பரீட்சைத் தாள் திருத்தம், கூட்டம், மழை, தடிமன் என்று ஒவ்வொன்றாகச் சாட்டுக் கிடைத்தது. உண்மையில் எனக்கு வெட்கம். அவர் கோபிப்பார் என்ற பயம் இல்லை, கோபிக்கமாட்டார் என்பதுதான் பயம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு பம்ப் ஒழுகத் தொடங்கியது. புதிதாக வந்த உத்தியோகத்தருக்குப் பிடிபடவில்லை. அண்ணையைக் கூப்பிட்டேன். "வாறன் மிஸ், ஆனால் அடுத்த கிழமை வாறன்" என்றார். வேறு வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வந்தார். படிகளில் மூன்று இடத்தில் நின்று வந்தார். "படி கூடிப்போச்சுது போலை கிடக்கு" என்று சிரித்தார். கதவடியில் நின்றபடி, உள்ளே கால் வைக்க முன்னம், "பயப்பிடாதேங்கோ மிஸ், எண்ணெய் பூசேல்லை" என்றார்.

வாய் வரைக்கும் வந்தது. புதியவர் பக்கத்தில் நின்றார், அவர் போகட்டும் என்று நினைத்தேன். அவர் போன பிறகு, அண்ணை தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேலை முடியட்டும் என்று நினைத்தேன். வேலை முடிந்ததும் அவர் காதைப் பம்பில் வைத்துக் கேட்டு, "இப்ப மூச்சு நல்லா விடுது" என்றார். நான் "நன்றி அண்ணை" என்றேன். கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அது நடந்து ஐந்தாம் கிழமை, சந்தைக்குப் போன இடத்தில் நெஞ்சு நோவென்று இருந்தவர் எழும்பவில்லை. துறையிலிருந்து எல்லோரும் ஒரு வான் பிடித்துச் செத்தவீட்டுக்குப் போனார்கள். நான் தனியாகப் போனேன். வழி முழுக்க, இன்றைக்கு அவர் மனைவியிடமாவது சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். அவர் சத்தியம் உண்மையான சத்தியம் என்று ஒருவராவது என் வாயால் கேட்க வேண்டும்.

பெட்டி கூடத்தில் இருந்தது. தலைமாட்டில் மெழுகுதிரிகள். பெண்கள் செபமாலை சொல்லி முடித்திருந்தார்கள். மனைவி முதுகுக்கு ஒரு தலையணை வைத்துச் சுவரோடு சாய்ந்திருந்தார். பக்கத்தில் மகள். என்னைக் கண்டதும் கையை நீட்டிப் பிடித்து இருத்தினார்.

"உங்கடை மெசினைப் பற்றித்தான் எந்த நேரமும் கதை, மிஸ். கடைசியாய்க் கூப்பிட்டியளெல்லோ, அங்கை வாறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னமே எண்ணெயை விட்டிட்டார். 'சும்மா பூசுங்கோ, உவை என்ன மணந்தே பாக்கப் போகினம்' எண்டு நான் பேசினனான். கேக்கேல்லை. ஏழு இரவும் காலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தார்."

நான் வாயைத் திறந்தேன். "அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்" என்றேன்.

அவர் என் கையை விடவில்லை. "நீங்கள் பிரியாவிடையிலை சொன்னதை வாறவை எல்லாருக்கும் சொல்லுவார். தான் செத்தாலும் அந்த மெசினுக்கை தன்ரை எண்ணெய் இருக்குமாம். பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள் உலகத்துக்குக் காட்டுற எண்ணுக்கை தன்ரை முழங்காலும் இருக்குதாம் எண்டு சிரிப்பார்." பெட்டிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இப்பவும் இருக்குதோ மிஸ்?"

அங்கே அவருடைய எண்ணெய் ஒரு நாளும் இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் நான் வந்திருந்தேன்.

"ஓம் அக்கா, இருக்குது" என்றேன்.

அவர் மகளின் பக்கம் திரும்பினார். "கேட்டியே பிள்ளை, அப்பா அங்கை இருக்கிறாராம்" என்றார்.